ராஜ உடையின் பூர்வகதை

கேரளத்துச் சித்தூர்ச் சீமையிலுள்ள வடவன்னூர், எம்.ஜி.ராமச்சந்திரனுடைய தாயார் சத்தியபாமாவின் குடும்பத்தார் வாழ்ந்த ஊர். தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் கலந்து பேசப்படும் அந்தச் சித்தூர்ச் சீமையில், கோயிலுக்கும் மங்கல காரியங்களுக்கும் உகந்த வஸ்திரமாக இன்றும் மதிக்கப்படுவது ஊசி படாத கசவு முண்டுதான். அம்மண்ணின் வழிவந்தவர் 1958-இல் தாமே இயக்கிய ‘நாடோடி மன்னன்’ படத்தில், உடம்போடு இறுகத் தைத்துச் சரிகை மின்னும் ஆடையில் தோன்றியபோது, அதுவே அரச கோலம் என்று தமிழ்நாடு ஐயமின்றி ஏற்றுக்கொண்டது.

சரித்திரத்தில் இவ்வுடைக்கு ஆதாரம் தேடுவோர் தஞ்சைக்குச் செல்லக்கூடும். ஆனால் பெரிய கோயிலில் 1931-இல் எஸ்.கே.கோவிந்தசாமி கண்டறிந்த சோழர் கால ஓவியங்களில் ராஜபோகத்தை அறிவிப்பவை ஆபரணங்களே அன்றித் தைத்த அங்கிகள் அல்ல. திரையில் நாம் கண்ட கோலம், தஞ்சை மராட்டிய அரசர்களின் நீண்ட அங்கியிலிருந்து கொஞ்சமும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தென்னாட்டுக்கு வந்த பார்சி நாடகக் கம்பெனிகளின் வெல்வெட்டு, ஜிகினா ஆடம்பரத்திலிருந்து மிகுதியும் பெற்று, நம் நாடகக் கொட்டகைகளில் உருவானது என்பதே என் துணிபு. மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் இளமையிலேயே சேர்ந்த எம்.ஜி.ஆர். அந்தச் சம்பிரதாயத்தில் வளர்ந்தவர். மங்கிய விளக்கொளியில், கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவனுக்கும் அரசன் இன்னான் என்று தெரியவேண்டியிருந்தமையால், காக்காய்ப்பொன்னும் சம்கியும் அங்கே வீண் பகட்டாக அல்ல, அவசியமாகவே இருந்தன.

அந்த உடையைத் தைத்தவர்களின் நுட்பத்தைச் சற்று அருகிலிருந்து நோக்கவேண்டும். வெல்வெட்டின் ரோமம் ஒரு திசையில் சாய்வது. இரு கைகளுக்கும் அது ஒரே திசையில் சாயும்படி துணியை வெட்டாவிட்டால், விளக்கின் முன் ஒரு கை கறுத்தும் மறு கை வெளுத்தும் தோன்றிவிடும். வாளை ஓங்கும்போது அங்கி முழுவதும் மேலேறி இடைக்கச்சையை விட்டு விலகாதிருக்க, அக்குளில் ஒரு சாய்சதுரத் துண்டை வைத்துத் தைப்பார்கள். படம் பார்ப்பவர் கண்ணில் ஒருபோதும் படாத இந்தச் சிறு துண்டில்தான் கத்திச்சண்டையின் லாவகம் பாதி அடங்கியிருந்தது.

கறுப்பு வெள்ளைப் படத்திலோ வேறொரு சங்கடம்: சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பல் நிறமாகிவிடுவதுண்டு. ஆகவே அங்கி எங்கே முடிகிறது, மேலாடை எங்கே தொடங்குகிறது என்பதைக் காட்டும் பொறுப்பு ஓரத்துச் சரிகையின்மேல் விழுந்தது. 1956-இல் மாடர்ன் தியேட்டர்ஸ் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ படத்தை கேவா கலரில் வெளியிட்டபின், வர்ணமே பேசத் தொடங்கியது. ‘நாடோடி மன்னன்’ பெரும்பகுதி கறுப்பு வெள்ளையிலும் எஞ்சியது வர்ணத்திலும் அமைந்த படமாதலால், ஆடை அலங்காரம் இரண்டு தர்மங்களுக்கும் ஒரே கதையில் கட்டுப்படவேண்டியதாயிற்று. அன்றியும், குடிமகன் ஒருவன் அரசனுக்குப் பதிலாக அரியணை ஏறும் அக்கதையில், ஒரே முகத்தைக் குடிமகனாகவும் மன்னனாகவும் காட்டுவதே உடையின் வேலையன்றோ!

இத்தனை சிரத்தையுடன் தைக்கப்பட்ட ஆடைகள் பொக்கிஷம்போல் காக்கப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அக்காலத்து ஆடைகள் பல, பிரித்து வேறு படத்துக்குத் தைக்கப்பட்டன. வாடகைக்குப் போய் நைந்தன. சரிகை அசலானால் வெள்ளிக்காக உருக்கப்பட்டது. போலியானால் கறுத்துக் குப்பைக்குப் போயிற்று.