மாற்றல் பிள்ளையும் அகதிப் பிள்ளையும்

தாம்பரத்தில் இறங்கிக் கிழக்குப் பக்கம் சேலையூர் வழியாகப் போனால் கேம்ப் ரோடு வரும். அதைத் தாண்டினால் விமானப் படைத் தளம். அதே ரயில் பாதையில் வடக்கே நான்காவது நிலையம் திரிசூலம். எதிரே மீனம்பாக்கம் விமான நிலையம். இந்த இரண்டு ஓடுபாதைகளுக்கும் நடுவில் சேலையூர், சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம் என்று நீளும் புறநகரில், கடந்த அறுபது ஆண்டுகளில் இரண்டு வகைக் குடும்பங்கள் ‘கொஞ்ச நாளைக்குத்தான்’ என்று சொல்லிக்கொண்டு வந்து தங்கியிருக்கின்றன. ஒன்று, விமானப் படை வேலையில் மாற்றலாகி வந்த குடும்பம். மற்றது, இலங்கையில் போருக்குத் தப்பி வந்த தமிழ்க் குடும்பம். இரண்டிலும் பள்ளிக்குப் போகிற வயதில் பிள்ளைகள் இருந்தார்கள். அந்தப் பிள்ளைகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

பொருத்தமில்லாத ஒப்பீடு என்று தோன்றலாம். அரசு ஊழியரின் பிள்ளை எங்கே, அகதிப் பிள்ளை எங்கே? ஆனால் இரண்டு பேரையும் வாட்டிய கேள்விகள் ஒன்றுதான். எந்த வகுப்பில் சேர்ப்பார்கள், பாடம் புரியுமா, யாரோடு விளையாடுவது, திரும்பிப் போனால் அங்கே இடம் இருக்குமா? ஒருவனுக்கு இந்தக் கேள்விகளுக்கெல்லாம் அரசாங்கம் முன்கூட்டியே பதில் எழுதி வைத்திருந்தது. இன்னொருவன் ஒவ்வொன்றுக்கும் தானே பதில் தேட வேண்டியிருந்தது.

முதல்வனிடமிருந்து தொடங்குவோம். தாம்பரம் தளம் இரண்டாம் உலகப் போர்க் காலத்தது. 1954-இல் விமானப் படையின் பறத்தல் பயிற்றுநர் பள்ளி அம்பாலாவிலிருந்து இங்கே வந்தது. பயிற்சி தருகிறவர்களும் பெறுகிறவர்களும் வந்து போய்க்கொண்டே இருக்கும் தளம் இது. மூன்று, நான்கு ஆண்டு இருந்துவிட்டு அசாமின் ஜோர்ஹாட்டுக்கோ பஞ்சாபின் ஆதம்பூருக்கோ போவார்கள். பிள்ளைகளின் படிப்பு என்ன ஆவது? இரண்டாவது ஊதியக் குழு இந்தச் சிக்கலை எடுத்துச் சொன்னது. 1962 நவம்பரில், சீனப் போர் நடந்த அதே மாதத்தில், மத்திய அரசு ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. 1963-இல் படைப்பிரிவுகள் நடத்திவந்த 20 பள்ளிகளை எடுத்துக்கொண்டு ‘சென்ட்ரல் ஸ்கூல்’ தொடங்கியது. இன்று அதைத்தான் கேந்திரிய வித்யாலயா என்கிறோம், படிக்கிறவர்களுக்குக் கே.வி. தாம்பரம் தளத்துப் பிள்ளைகளுக்கு அப்படி இரண்டு பள்ளிகள் உண்டு.

கே.வி.யின் பெருமையைப் பேசுகிறவர்கள் கட்டணத்தையும் தேர்ச்சி விகிதத்தையும் சொல்வார்கள். என்னைக் கேட்டால், அதன் உண்மையான சாதனை ஒரு புத்தகமும் ஒரு காகிதமும்தான். புத்தகம் நாடு முழுக்க ஒன்றே. அசாமில் ஜூன் மாதம் கணக்குப் பாடத்தில் எந்தப் பக்கத்தில் விட்டானோ, ஜூலையில் தாம்பரத்தில் அதற்கு ஏழெட்டுப் பக்கம் முன்னே பின்னே தொடரலாம். காகிதம், டி.சி. எனப்படும் மாற்றுச் சான்றிதழ். ஒரு கே.வி. கொடுத்த டி.சி.யையும் தந்தையின் மாற்றல் உத்தரவையும் நீட்டினால் ஆண்டின் நடுவில்கூட அடுத்த கே.வி.யில் இடம் கிடைத்துவிடும். புதிதாகச் சேர்கிறவர்களுக்கும், கடந்த 7 ஆண்டுகளில் பெற்றோருக்கு எத்தனை மாற்றல் வந்தது என்ற கணக்கு சேர்க்கையில் முன்னுரிமையாகப் பார்க்கப்படுகிறது. ஊர் மாறிக்கொண்டே இருப்பது மற்ற பள்ளிகளில் பிள்ளைக்குக் குறை. இங்கே அதுவே தகுதி.

வீட்டுக்குள்ளும் இப்படித்தான். கறுப்புத் தகரப் பெட்டிகளில் தந்தையின் பெயரும் பதவியும் வெள்ளைப் பெயின்டில் எழுதியிருக்கும். பெட்டிகளை வரிசையாகப் போட்டு மேலே மெத்தை விரித்து, பூப்போட்ட துணியைப் போர்த்தினால் அதுதான் வரவேற்பறை சோபா. அடுத்த உத்தரவு வந்ததும் துணியை உருவிவிட்டுச் சாமானை உள்ளே போடுவார்கள். அந்தப் பிள்ளை சோபாவில் உட்கார்ந்து டி.வி. பார்க்கும்போதே, அந்தச் சோபா ஒருநாள் பெட்டியாகும் என்று பிள்ளைக்குத் தெரியும். தெரிந்திருப்பதால்தான் பயம் இல்லை.

இனி இலங்கைப் பிள்ளை. இலங்கையில் தமிழர்களுக்கு எதிராக நடந்த 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு, 1987 ஜூலை 29-இல் இந்திய–இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தாகும் வரையில் 1,34,000-க்கும் மேற்பட்டோர் தமிழ்நாட்டுக்கு வந்தார்கள். ஒப்பந்தத்தை நம்பிச் சுமார் 25,000 பேர் திரும்பினார்கள். 1990-இல் மறுபடி போர்; மறுபடி ஒரு லட்சத்துக்கும் மேல். பிறகு 1995-க்குப் பின் ஓர் அலை, 2006-இல் இன்னோர் அலை. படகில் ராமேசுவரம் பக்கம் இறங்கியவர்கள் மண்டபம் வழியாக முகாம்களுக்குப் போனார்கள். கையில் கொஞ்சம் காசோ, கனடாவிலோ லண்டனிலோ ஒரு மாமாவோ இருந்தவர்கள் கொழும்பிலிருந்து விமானத்தில் வந்து சென்னையில் வாடகை வீடு பிடித்தார்கள். தென் புறநகரில் வந்து தங்கியவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை. காவல் நிலையத்தில் பதிந்துகொண்டு, முகாமுக்கு வெளியே, அரசு உதவித்தொகை எதுவும் இல்லாமல் வாழ்ந்தவர்கள்.

1990-களின் முதல் பாதியில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பிள்ளை மின்சாரம் இல்லாத ஊரிலிருந்து வந்தது. பொருளாதாரத் தடை, மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெயும் திரியும் வைத்துச் செய்த விளக்கில் படித்த பிள்ளைகள் அவர்கள். அந்த விளக்கில் படித்துத்தான் சாதாரண தரப் பரீட்சையும் உயர்தரப் பரீட்சையும் எழுதினார்கள். கணக்கில் கெட்டிக்காரர்கள். குரோம்பேட்டையில் டியூப் லைட்டின் கீழே உட்கார வைத்து ஒரு மெட்ரிக் பள்ளிப் புத்தகத்தைக் கொடுத்தால் திணறினார்கள். ஆங்கிலம் ஒரு காரணம். தமிழ் வழியில் சேர்த்தாலும் தீரவில்லை. அங்கே அட்சரகணிதம், இங்கே இயற்கணிதம். அங்கே இரசாயனவியல், இங்கே வேதியியல். அங்கே பௌதிகம், இங்கே இயற்பியல். தெரிந்த பாடத்தையே தெரியாத பாடமாகப் படிக்க வேண்டியிருந்தது. ஜோர்ஹாட்டிலிருந்து வந்தவனுக்குப் பழைய பக்கமே தொடர்ந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவனோ தமிழிலிருந்து தமிழுக்கே மாற வேண்டியிருந்தது.

பள்ளி விண்ணப்பம் இன்னொரு சோதனை. பிறப்புச் சான்றிதழ் வவுனியாவில் எரிந்த வீட்டோடு போயிருக்கும். முந்தைய பள்ளியே இடம்பெயர்ந்து வேறெங்கோ மரத்தடியில் நடந்துகொண்டிருக்கும், அங்கே டி.சி.யை யார் கொடுப்பார்? சாதிச் சான்றிதழ் வாங்க வழியில்லை. 1991 மே 21-இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு எல்லாமே இறுகிவிட்டது. வீட்டுக்காரர்கள் காலி செய்யச் சொன்னார்கள். போலீஸின் உளவுப் பிரிவான கியூ பிராஞ்ச் வந்து விசாரித்தது. எம்.ஜி.ஆர். ஆட்சியில் தொழிற்கல்வியில் ஈழ மாணவர்களுக்கு ஒதுக்கிய இடங்கள் நின்றுபோயின. 1996-இல்தான் மீண்டும் கிடைத்தன. நடுவில் போன ஐந்து ஆண்டுகள் பெரியவர்களுக்கு ஒரு காத்திருப்பு. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அது பள்ளிப் படிப்பின் மிச்சம் முழுவதும்.

விமானச் சத்தத்தைச் சொல்லாமல் விட முடியாது. தாம்பரத்தின் மேலே பயிற்சி விமானங்கள் வட்டமிட்டுக்கொண்டே இருக்கும். தளத்துப் பிள்ளைகள் தலை நிமிர்ந்து பார்ப்பதுகூட இல்லை; பார்த்தாலும் எந்த விமானம் என்று சொல்லிவிட்டு மட்டையைப் பிடிப்பார்கள். பல்லாவரத்தில் வீட்டுக் கூரையை உரசுகிற மாதிரி இறங்கும் பயணிகள் விமானத்துக்கும் ஊர்க்காரர்கள் அசைவதில்லை. பேச்சை அரை நிமிடம் நிறுத்திவிட்டுத் தொடர்வார்கள். 1990-களின் பின்பாதியில் வடக்கிலிருந்து வந்த பிள்ளைக்கு மேலே இரைச்சல் கேட்டால் அது கிபிர், இலங்கை விமானப் படையின் குண்டுவீச்சு விமானம். ஓடிப்போய்ப் படுக்க வேண்டும், பங்கருக்குள் இறங்க வேண்டும். 1995 ஜூலையில் யாழ்ப்பாணத்து நவாலி தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்தவர்கள் மீது குண்டு விழுந்ததைக் கேட்டு வளர்ந்த பிள்ளை அது. வகுப்பில் பெஞ்சுக்கு அடியில் குனிந்தால் மற்ற பிள்ளைகள் சிரித்திருப்பார்கள். சிரித்ததில் கெட்ட எண்ணம் இருந்திருக்காது. அவர்களுக்கு விமானம் என்றால் மாமா வருகிற விமானம்.

இங்கே இலண்டன் ஆய்வு ஒன்று உதவும். இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சுக்குப் பயந்து குழந்தைகளைக் கிராமங்களுக்கு அனுப்பியபோது, ஹாம்ஸ்டெட்டில் குழந்தைகள் காப்பகம் நடத்திய அன்னா ஃப்ராய்டும் டோரதி பர்லிங்ஹாமும், குண்டைவிடத் தாயைப் பிரிந்ததுதான் குழந்தைகளை அதிகம் பாதித்தது என்று கண்டார்கள். நம் இரு பிள்ளைகளுக்கும் தாய் கூடவே இருந்தாள். தாங்கிக்கொண்டதற்கு அதுவே பெரிய காரணம். தந்தைதான் இருவர் வீட்டிலும் அடிக்கடி இல்லை. ஒருவனின் தந்தை குடும்பத்தை அழைத்துப்போக முடியாத எல்லைத் தளத்தில் இருந்தார்; எப்போது விடுப்பு என்று தெரியும். இன்னொருவனின் தந்தை வெளிநாட்டில் தஞ்ச விண்ணப்பத்துக்கு முடிவு வரக் காத்திருந்தார். சில வீடுகளில் அவர் உயிரோடு இருக்கிறாரா என்பதே தெரியவில்லை.

1987-க்கும் 1990-க்கும் இடையில் இரண்டு கதையும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டன. ஒப்பந்தத்தை நிறைவேற்ற இந்திய அமைதிப் படை இலங்கைக்குப் போனது. சில மாதங்களிலேயே விடுதலைப் புலிகளோடு போர் மூண்டது. 1990 மார்ச்சில் கடைசிப் படையினர் திரும்பினார்கள். அந்த ஆண்டுகளில் இங்கே ஒரு படைவீரரின் பிள்ளை, அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து பத்திரமாக வர வேண்டும் என்று சாமி கும்பிட்டிருக்கும். இரண்டு தெரு தள்ளி இன்னொரு பிள்ளை, அதே யாழ்ப்பாணத்தில் விட்டுவந்த பாட்டிக்காக வேண்டியிருக்கும். இருவரும் ஒரே ரேஷன் கடை வாசலைக் கடந்து பள்ளிக்குப் போனவர்கள்தான். ஒருவருக்கொருவர் அறிமுகம் இருந்திருக்க வாய்ப்பில்லை.

இந்த அறிமுகமின்மைக்கும் காரணம் உண்டு. அகதிப் பிள்ளையின் பக்கம் தராசு கொஞ்சம் சாய்கிற இடமும் இதுதான். தளத்துப் பிள்ளைக்கு மதிலுக்குள்ளேயே எல்லாம் இருக்கிறது: பள்ளி, கேன்டீன், விளையாட்டுத் திடல், சினிமா. கே.வி.யில் தமிழ் கட்டாயமில்லை. நான்கு வருடம் தாம்பரத்தில் இருந்துவிட்டு, பஸ் பலகையைப் படிக்கத் தெரியாமல் திரும்பிப் போகிறவர்கள் உண்டு. தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளே சொந்த மாநிலத்துக்கு மாற்றலாகி வந்தும் அம்மாவிடம் இந்தியில் பதில் சொல்வதைக் கேம்ப் ரோடு கடைகளில் கேட்கலாம். அகதிப் பிள்ளைக்கு மதில் இல்லை. ஊருக்குள் இறங்கினால்தான் பிழைப்பு. வீட்டில் ‘கதைக்கிறது’, வெளியில் ‘பேசறது’; அங்கே ‘ஓம்’, இங்கே ‘ஆமா’. ஒரு வருடத்துக்குள் இரண்டு பேச்சும் கைவந்துவிடும். அக்கம்பக்கத்து வீட்டு அக்காவிடம் இந்தி ட்யூஷன், தெருமுனையில் கிரிக்கெட், ஞாயிற்றுக்கிழமை பல்லாவரத்தில் புதுப் படம். தாம்பரத்தைத் தாம்பரமாக அறிந்தவன் அவன்தான். தெருமுனைக்குப் புதிதாக இன்னொரு இலங்கைக் குடும்பம் வந்தால், ரேஷன் கடையிலிருந்து காவல் நிலையம் வரை வழி சொல்லிக் கூட்டிப்போனவனும் அவன்தான்.

ஆனால் திறமை வேறு, நிம்மதி வேறு. தளத்துப் பிள்ளையின் ‘தற்காலிகத்துக்கு’ ஒரு தேதி இருந்தது. மற்றவனின் ‘தற்காலிகம்’ ஒவ்வொரு செய்தி அறிக்கையோடும் நீண்டது. பேச்சுவார்த்தை என்றால் பெட்டி கட்டு. குண்டு வெடித்தால் அவிழ். வீட்டில் பிரிட்ஜ் வாங்குவதா வேண்டாமா என்று பத்து வருடம் யோசித்த குடும்பங்கள் உண்டு. ஊர்க் காணி உறுதியும் (நிலப் பத்திரம்) பழைய போட்டோ ஆல்பமும் ஒரு பையில் எப்போதும் தயாராக இருக்கும்.

2009 மே மாதம் போர் முடிந்தது. திரும்பிப் போனவர்களில், இங்கேயே பிறந்து வளர்ந்து போன பிள்ளைகளுக்கு அங்கே மறுபடி முதலிலிருந்து எல்லாம். இயற்கணிதம் திரும்ப அட்சரகணிதம் ஆனது. இந்தியப் பேச்சு என்று வகுப்பில் கேலி. இங்கே பெற்ற சான்றிதழ்களை அங்கே ஏற்க வைக்க அலைச்சல். எஸ்.சி. சந்திரஹாசன் 1984-இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் போன்றவை பிறப்புப் பதிவுக்கும் குடியுரிமைப் பத்திரத்துக்கும் ஆண்டுக்கணக்கில் உழைத்ததற்குக் காரணம் இதுதான். பசியைவிடப் பத்திரம் பெரிய சிக்கல் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், அகதிப் பிள்ளைக்குக் கே.வி. கட்டித் தந்திருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. இடம்பெயர்கிற பிள்ளைக்கு எது தேவை என்று 1962-லேயே நம் அரசாங்கத்துக்குத் தெரிந்திருந்தது என்கிறேன். ஆண்டின் நடுவில் சேர்க்கை, காகிதம் தாமதமானாலும் இடம், விட்ட பாடத்தைப் பிடிக்க உதவி. 2009-இல் இயற்றி 2010 ஏப்ரலில் அமலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், டி.சி. தாமதமானால் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்றும், வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொண்டு தனிப்பயிற்சி தர வேண்டும் என்றும் எழுதி வைத்தது. 6 முதல் 14 வயது வரையிலான எல்லாப் பிள்ளைகளுக்கும் அது பொருந்தும். தாம்பரத்தின் அகதிப் பிள்ளைக்கு அது வந்து சேர்ந்தபோது போர் முடிந்து ஓராண்டு ஆகப்போகிறது. அந்தத் தலைமுறை பள்ளியை விட்டு வெளியே வந்துவிட்டது.

மிச்சம் இருப்பது குடியுரிமை. மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்த ஒரு பெண் நீதிமன்றம் போய் இந்தியக் கடவுச்சீட்டு பெற்றார். 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களித்தார். அவர் பிறந்த தேதிதான் அவரைக் காப்பாற்றியது. 1987 ஜூலை 1-ஆம் தேதியிலிருந்து, பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருந்தால்தான் பிறப்பால் குடியுரிமை. இந்திய–இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானதும் அதே ஜூலையில்தான். அதற்குப் பிறகு குரோம்பேட்டை அரசு மருத்துவமனையில் பிறந்து, இந்தப் பள்ளிகளிலேயே படித்து, இன்று முப்பது வயதைத் தாண்டிவிட்ட அகதிப் பிள்ளை சட்டத்தின் கணக்கில் இன்னும் வெளிநாட்டவர்.