முன்னால் போலீஸ்! ரேடார் டிடெக்டரும் சட்டமும்

பாடியிலிருந்து அம்பத்தூர், ஆவடி வழியாகத் திருவள்ளூர் செல்லும் சாலையில், எதிரே வரும் லாரி பகலில் முகப்பு விளக்கைச் சிமிட்டினால் "முன்னால் போலீஸ்" என்று ஓட்டுநர்கள் புரிந்துகொள்வார்கள். உடனே வேகம் குறையும். இப்படி எச்சரிப்பது குற்றமா? இந்தக் கேள்விக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது.

1905-ல் இங்கிலாந்தில் தொடங்கப்பட்ட ஆட்டோமொபைல் அசோசியேஷனின் முதல் வேலையே, போலீசார் மறைந்து நிற்கும் இடங்களைக் கார்காரர்களுக்குச் சொல்வதுதான். ஒரு வழக்கில் எச்சரித்தவர் தப்பினார். பின்னர் இன்னொருவர் தண்டிக்கப்பட்டார். அப்போது கார்கள் அளவுக்கு மீறிய வேகத்தில் வந்தது நிரூபிக்கப்பட்டதே காரணம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ரேடார் சாலைக்கு வந்தது. வாகனத்தில் பட்டுத் திரும்பும் அலையின் மாற்றத்தை வைத்து வேகத்தைக் கணக்கிடுவார்கள். அந்த அலையை முன்பே உணர்ந்து ஒலி எழுப்புவதுதான் ரேடார் டிடெக்டர். அமெரிக்காவில் வர்ஜீனியா இதைத் தடை செய்தது; பெரும்பாலான மாநிலங்கள் சொந்தக் கார்களில் அனுமதித்தன. பெரிய வணிக வாகனங்களில் மட்டும் 1994 முதல் நாடு முழுவதும் தடை. இங்கிலாந்து நீதிமன்றமோ 1998-ல், ரேடார் அலையை உணர்வது பிறர் செய்தியை ஒட்டுக்கேட்பது ஆகாது என்றது.

இந்தியாவில் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் அதிவேகத்தைத் தண்டிக்கிறது. டிடெக்டரைப் பெயர் சொல்லித் தடுக்கவில்லை. ஆனால் சிக்கல் வேறு பக்கம் இருக்கிறது. உரிமம் இல்லாமல் கம்பியில்லாக் கருவி வைத்திருப்பதை 1933-ஆம் ஆண்டுச் சட்டமே தடுத்தது. 2023-ல் நிறைவேறிய தொலைத்தொடர்புச் சட்டமும் ரேடியோ கருவிகளுக்கு அனுமதி கேட்கிறது. ஆகவே "தடை இல்லை" என்று நம்பி வாங்குவது பாதுகாப்பானதல்ல.

இதில் சுவாரசியமான திருப்பம் 2021-ல் வந்தது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்க்கப்பட்ட 167ஏ விதிப்படி, வேகக் கேமரா உள்ள பகுதிக்கு முன்பே எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும். அதாவது, அன்று இங்கிலாந்துச் சாலைகளில் குற்றமான எச்சரிக்கை, இன்று இங்கே அரசின் கடமை!

அப்படியானால் டிடெக்டர் மட்டும் ஏன் தவறு? பலகை எல்லோரையும் மெதுவாகப் போகச் சொல்கிறது. டிடெக்டரோ, ஒலிக்காத இடமெல்லாம் பறக்கலாம் என்று சொல்லாமல் சொல்கிறது. ஆவடியில் சாலையைக் கடக்கும் பள்ளிப் பிள்ளைக்கு, ரேடார் இல்லாத இடத்திலும் அதே உயிர்தான்.