எலி தின்ன விரலும் எலி நடத்திய பாடமும்

1/ வீட்டில் யாருக்காவது சுகர் இருந்து, பாதம் மரத்துப்போயிருக்கா? இந்தத் த்ரெட்டைக் கடைசி வரை படிங்க. வேலூர் பாகாயத்தில் தொடங்கும் வரலாறு இது. இதில் திருடனும் எலிதான், வாத்தியாரும் எலிதான்.

2/ 1940-கள். தொழுநோய் வந்தவர்களுக்கு விரல் குறைந்துகொண்டே போகும், பாதப் புண் ஆறவே ஆறாது. "அது கெட்டுப்போன சதை, அப்படித்தான்" என்று மருத்துவர்களே நம்பிய காலம்.

3/ 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார் டாக்டர் பால் பிராண்ட். 1914-ல் நம்ம கொல்லிமலையில் பிறந்தவர். மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்த ஆரம்பித்தார். தையல் போட்ட காயம் எல்லாருக்கும் ஆறுவது போலவே ஆறியது. அப்போ கெட்ட சதை எங்கே?

4/ 1950-களின் தொடக்கத்தில் பாகாயம் கல்லூரி வளாகத்தில் நவஜீவ நிலையம் வந்தது. கை சரியானவர்கள் அங்கேயே தங்கித் தொழில் கற்றார்கள். ஒவ்வொரு காயத்துக்கும் காரணம் தேடினார்கள். சூடான பாத்திரம், சுத்தியல் பிடி என்று ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. ஆனா ராத்திரி தூங்கப் போனவரின் விரலில் காலையில் ஒரு துண்டைக் காணோம்! கண்விழித்துக் காவல் இருந்தபோதுதான் தெரிந்தது, எலி கடித்துத் தின்றிருக்கிறது. வலி இல்லாததால் அவர் எழுந்திருக்கவே இல்லை. அப்புறம் வீடு திரும்புகிறவர்கள் கையில் ஒரு பூனையும் போச்சு!

5/ பாதம்தான் புதிர். முள் குத்தவில்லை, ஆணி குத்தவில்லை, ஆனாலும் புண். 1930-களிலேயே கொழும்பில் டாக்டர் மில்ராய் பால் இந்தப் புண்களுக்கு மாவுக்கட்டு போட்டிருந்தார். வேலூரிலும் போட்டுப் பார்த்தார்கள். "ஆறாத" புண் கட்டுக்குள்ளே ஆறியது. பிரிச்சு நடக்கவிட்டால் திரும்ப வந்தது. அப்போ குற்றவாளி நடையா?

6/ இதை நிரூபிக்க மனுஷன் காலில் வேணும்னே புண் உண்டாக்க முடியாது. 1966-ல் பிராண்ட் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கே அவர் குழு எலிகளுக்கு மயக்கமருந்து கொடுத்து, உள்ளங்காலை ஒரு இயந்திரத்தால் தட்டவிட்டது. ஒரு தட்டு தட்டினால் ஒன்றும் ஆகாத, மிதமான அழுத்தம்தான். ஆனா நாளுக்குப் பத்தாயிரம் தடவை.

7/ சில நாளில் பாதம் சூடாகி வீங்கியது. ஒரு வாரம், பத்து நாளில் புண். இன்னொரு குழுவுக்குத் தட்டலைக் குறைத்து, வாரத்தில் இரண்டு நாள் ஓய்வு கொடுத்தார்கள். அதுகளுக்குப் புண் வரவில்லை, உள்ளங்கால் தடித்து உறுதியானது!

8/ நமக்கு ஒரு இடம் கன்றிப்போனால் நம்மை அறியாமலே நொண்டுவோம், எடையை வேறு பக்கம் மாற்றுவோம். அந்த நொண்டல்தான் காலுக்கு ஓய்வு. மரத்த கால் நொண்டாது. கன்றிய இடத்திலேயே அடுத்த அடியும் விழும்.

9/ எலி எல்லாவற்றுக்கும் சாட்சி ஆகாது. அதன் தோல் தொளதொளன்னு இருக்கும், அடியில் மெல்லிய தசை வேறு. காயத்தைச் சுருக்கி இழுத்தே மூடிவிடும். அதனால் தழும்பை ஆராய்கிறவர்கள் பன்றித் தோலையும் முயல் காதையும் நாடுகிறார்கள். ஆனா எலித்தோலை இழுத்துப் பார்த்து அளந்த ஒரு உண்மை நமக்கும் பொருந்தும்: மாதக்கணக்கில் ஆறிய பிறகும் தழும்புக்குப் பழைய பலத்தில் சுமார் 80 சதவீதம்தான்.

10/ அதாவது, "புண் ஆறிடுச்சு டாக்டர்" என்று நீங்க சந்தோஷமா சொல்லும் அந்த இடம்தான் அடுத்து உடையக்கூடிய இடம்.

11/ உலகத்துக்கே ஷூ தைக்கும் ஆம்பூர், ராணிப்பேட்டை இருக்கும் இதே வட்டாரத்தில்தான், மரத்த காலுக்கான மெத்தென்ற மைக்ரோசெல்லுலார் ரப்பர் செருப்பையும் பிராண்ட் குழு புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. இன்னைக்கு சுகர் நோயாளிகளுக்கு நாங்க எழுதித் தரும் எம்.சி.ஆர். செருப்பு அதுதான். "அசிங்கமா இருக்கு" என்று மூலையில் போடாதீங்க.

12/ தினமும் ராத்திரி பாதத்தைப் பாருங்க. குனிய முடியலையா, கண்ணாடியை வைத்துப் பாருங்க. ஒரு இடம் மட்டும் சிவந்தோ சூடாகவோ இருந்தால் நடையை நிறுத்திட்டு டாக்டரிடம் போங்க. வலிக்கலையேன்னு விட்டுடாதீங்க. வலிக்காததுதான் இங்கே நோயே.