அடகும் கீரையும்

ஐப்பசி, கார்த்திகை மழை விட்டதும் குன்றத்தூர்ப் பக்கத்துக் கொல்லைகளில் யாரும் விதைக்காமலே தலைகாட்டுவது குப்பைக்கீரை. அந்தப் பெயர் சங்கப் பாட்டிலேயே இருக்கிறது. புறநானூறு 159இல் பெருஞ்சித்திரனார் தம் வீட்டு வறுமையைக் குமணனிடம் சொல்கிறார். குப்பைக்கீரையின் முற்றாத தளிரைக் கிள்ளிவந்து, உப்பும் மோரும் இல்லாமல் வெறும் நீரில் வேகவைத்து, சோற்றையே மறந்து உண்ணும் மனைவியைக் காட்டுகிறார். செடியாக நிற்கையில் அது அவருக்குக் கீரை, உண்ணும்போது ‘அடகு’.

அடகு என்றால் இலைக்கறி. 140ஆம் பாட்டில் ஔவையாருடன் வந்த விறலியர் கொல்லையில் அடகு பறித்துவிட்டார்கள். அதன்மேல் தூவக் கொஞ்சம் அரிசிதான் நாஞ்சில் வள்ளுவனிடம் கேட்டார்கள். அவன் யானையைக் கொடுத்துவிட்டான்.

பல நூற்றாண்டுகள் கழித்து இந்த இரு சொற்களையும் ஒரே கதையில் ஆண்டவர் குன்றத்தூர்க்காரர். 12ஆம் நூற்றாண்டில் பெரியபுராணம் பாடிய சேக்கிழார் பிறந்தது தொண்டை மண்டலத்துப் புலியூர்க் கோட்டத்துக் குன்றத்தூரில். அவர் பாடிய அரிவாட்டாய நாயனார் இறைவனுக்கு நாள்தோறும் படைப்பவை செந்நெல் அரிசிச் சோறு, செங்கீரை, மாவடு. செல்வம் போனபின் கூலிக்கு நெல்லறுத்தும் அந்தப் படையலை அவர் விடவில்லை. கூலியாக வந்த செந்நெல் முழுவதும் கோயிலுக்கே போயிற்று. வீட்டில் அரிசி இல்லை. மனைவி கொல்லைக்குப் போய் இலை பறித்துச் சமைக்கிறார். அந்த இடத்தில் சேக்கிழார் போடும் சொல் அடகு. சாமிக்கு வைப்பது கீரை, பசிக்குத் தின்பது அடகு. ஓசைக்காகவும் அமைந்திருக்கலாம், எனக்கென்னவோ சொல்லுக்குள் அந்த வீட்டின் நிலைமையே தெரிகிறது. கொல்லையைக் குறிக்க ஔவையார் சொன்ன ‘படப்பை’யும் அந்த வரியில் அப்படியே இருக்கிறது.

பின்னர் அடகு பேச்சிலிருந்து மறைந்தது. இன்று அச்சொல் நகையை வைத்துப் பணம் வாங்குவதை மட்டுமே குறிக்கிறது. அது கன்னட ‘அடவு’க்கு உறவான வேறு சொல். கீரையோ நிலைத்தது. மலையாளத்தில் சீர, கன்னடத்தில் கீரெ.

நிலைத்ததோடு நிற்காமல் வந்ததையெல்லாம் சேர்த்துக்கொண்டது. மார்கழி, தைப் பனியில் நன்றாக வரும் வெந்தயம் விதைத்து மூன்று, நான்கு வாரத்தில் வெந்தயக்கீரையாகிவிடும். வடக்கிலிருந்து வந்த பாலக், பாலக்கீரையாயிற்று. வைகுண்ட ஏகாதசிக்கு மறுநாள் துவாதசிப் பாரணைக்கு நெல்லிக்காயோடு இலையில் விழும் அகத்தி, மரமானாலும் கீரைதான். அதே பனிக்காலத்தில் செழிக்கும் கொத்தமல்லியை மட்டும் நாம் தழை என்கிறோம். கூட்டாகவோ பொரியலாகவோ சோற்றுக்குத் துணை நின்றால்தான் கீரை என்ற பெயர் கிடைக்கும்போலும்.

உண்மையான குளிர்காலக் கீரை எது என்று கேட்டால் சக்கரவர்த்திக்கீரையைத்தான் சொல்வேன். வடநாட்டில் கோதுமை வயல்களில் களையாகவே முளைக்கும். வடமொழியிலும் அதற்குச் சக்கரவர்த்தி என்றொரு பெயர் உண்டு. இன்னொரு பெயரான ‘வாஸ்தூகம்’ தேய்ந்துதான் இந்தியில் ‘பதுவா’ ஆனது. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளுக்கு வேலைக்கு வந்திருக்கும் பீகார், உத்தரப்பிரதேசக்காரர்கள் ஊரில் பருப்போடு கடைந்தும் மாவில் பிசைந்து ரொட்டியாகச் சுட்டும் தின்று வளர்ந்த பதுவா இதுதான். சக்கரவர்த்திக்கீரை என்று கேட்டு வாங்க அவர்களுக்கு யாராவது சொல்லித்தர வேண்டும்.