சுரங்க நில மீட்பில் மண்புழு உரம்

கனிமம் எடுத்தபின் வளமற்றுக் கிடக்கும் நிலத்தில் மண்புழு உரமிட்டு, செடிகொடிகள் வேரூன்ற வழிசெய்யும் முறை இது. திறந்தவெளிச் சுரங்கங்களின் கழிவு மண் மேடுகளில் மரம் வளர்க்க இம்முறை உதவுகிறது.

நிலத்தின் தன்மை

திறந்தவெளிச் சுரங்கத்தில் கனிமத்தை மூடியிருக்கும் மண்ணும் பாறையும் தோண்டிக் குவிக்கப்படுகின்றன. நெய்வேலி பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் இப்படி வெளிவருவது பெரும்பாலும் மணற்கல்லும் களிமண்ணும். ஆழத்திலிருந்து வந்த கழிவு மண்ணில் மக்கும் பொருளும் தழைச்சத்தும் நுண்ணுயிரும் மிகக் குறைவு. கனரக வண்டிகள் ஓடி இறுகிய இடங்களில் மழைநீர் இறங்காமல் வழிந்தோடும். பைரைட் என்னும் இரும்பு சல்பைடு கனிமம் கலந்திருந்தால், அது காற்றும் நீரும் பட்டுக் கந்தக அமிலத்தை உண்டாக்கும்.

உரமும் புழுவும்

ஐசீனியா ஃபெட்டிடா, யூட்ரிலஸ் யூஜினியே, பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ் ஆகிய மண்புழு இனங்கள் உரத் தயாரிப்பில் வளர்க்கப்படுகின்றன. பாதி மக்கிய சாணம், இலைச்சருகு ஆகியவற்றை உண்டு, இவை கழிக்கும் எச்சமே உரம். மக்கும் பொருள் இல்லாத கழிவு மண்ணில் இப்புழுக்கள் நிலைப்பதில்லை. ஆகவே தொட்டியில் உரத்தைத் தயாரித்து, சலித்த பிறகே நிலத்துக்குக் கொண்டுசெல்கின்றனர்.

செயல்படும் விதம்

உரத்திலுள்ள மட்கு மண் துகள்களைப் பிணைத்து ஈரத்தையும் சத்துகளையும் பிடித்துவைக்கிறது. நுண்ணுயிர்களும் உடன் வந்து சேர்கின்றன. ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களை மட்கு பற்றிக்கொள்வதால் அவை வேருக்குச் செல்வது குறையலாம். ஆர்சனிக் இதற்கு விலக்கு: உரத்தின் பாஸ்பேட்டும் கரையும் கரிமப் பொருளும் அதை நீரில் கரைந்து நகரச் செய்யக்கூடும்.

இடும் முறை

ஒரு ஹெக்டேரில் 15 செ.மீ. ஆழ மண்ணின் எடை ஏறத்தாழ 2,000 டன். 10 டன் உரமிட்டாலும் அது 0.5 விழுக்காடுதான். எனவே நிலமெங்கும் தூவுவதைவிட, நடவுக் குழியில் மண்ணோடு கலப்பதே சிக்கனமானது. இறுகிய தரையை முதலில் ஆழ உழவேண்டும். அமில மண்ணுக்குச் சுண்ணாம்பு இடவேண்டும். வாகை, புங்கம், சவுக்கு போன்ற தழைச்சத்தை நிலைநிறுத்தும் மரங்கள் நடவுக்கு ஏற்றவை.

வரம்புகள்

உலோகம் கலந்த கழிவைப் புழுக்களுக்கு உணவாக்கினால், அந்த உலோகம் அவற்றின் உடலில் சேர்ந்து, அவற்றைத் தின்னும் பறவைகளுக்கும் போய்ச்சேரும். குழியில் இட்ட உரம் தொடக்க ஆண்டுகளுக்கே போதும். அதன்பின் மரங்கள் உதிர்க்கும் சருகே மண்ணை வளர்க்கவேண்டும். ஆகவே மேய்ச்சலையும் தீயையும் தடுத்து, சருகு தரையில் தங்கும்படி பராமரிப்பது மீட்பின் இன்றியமையாத பகுதி.