வெள்ளி உடம்புக்காரனும் மின்னும் கார்டும்

சூப்பர் ஹீரோ கார்டு சேர்க்கிறவர்களுக்கு சில்வர் சர்ஃபர் மேல் அப்படி என்ன பிரியம்? கொஞ்சம் பின்னால் போவோம்.

1966. 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' 48-வது இதழ். கிரகங்களைத் தின்னும் கலாக்டஸுக்கு ஒரு தூதன் வேண்டுமே என்று ஓவியர் ஜாக் கிர்பி தானாகவே ஒருவனை வரைந்துவிட்டார். விண்கலம் வரைந்து அலுத்துப்போய், காலுக்குக் கீழே அலைச்சறுக்குப் பலகை! ஸ்டான் லீக்கே படத்தைப் பார்த்தபிறகுதான் விஷயம் தெரியும்.

1990-ல் இம்பெல் நிறுவனம் மார்வெல் கார்டுகளை வெளியிட்டது. மொத்தம் 162. அதுபோக, பாக்கெட்டில் அபூர்வமாகச் சிக்கும் ஹோலோகிராம் 5. அதில் ஒன்று நம்மாள். தலை முதல் கால் வரை வெள்ளி. வெளிச்சத்தில் சாய்த்தால் மின்னும் கார்டுக்கென்றே அளவெடுத்துச் செய்தது போல!

பிறகு அளவுக்கு மீறி அச்சடித்தார்கள். கார்டு சந்தை சரிந்தது. 1996 டிசம்பரில் மார்வெலே திவால் மனு கொடுத்தது. சர்ஃபர் மீதான பிரியம் மட்டும் போகவில்லை.

மினுமினுப்பு மட்டும்தான் காரணமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. சொந்தக் கிரகம் ஸென்-லாவைக் காப்பாற்ற இன்னொருவனிடம் வேலைக்குப் போனவன் அவன். அப்புறம் பூமியில் மாட்டிக்கொண்டு, ஊர் திரும்ப முடியாமல் தவித்தவன்.

டெல்லியில் உட்கார்ந்து தீபாவளி ரயிலுக்கு வெயிட்டிங் லிஸ்ட் பார்க்கிறவனுக்கு அவனை நன்றாகவே புரிகிறது மக்களே!