பெமெட்ரெக்செட் பிறந்த கதை

கல்நார் தூசி, அதாவது ஆஸ்பெஸ்டாஸ் தூசி, மூச்சோடு உள்ளே போனால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. கண்ணுக்குத் தெரியாத அதன் இழைகள் நுரையீரலைத் தாண்டி, அதைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறையில் போய்த் தங்கிவிடும். இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகள் கழித்துக்கூட அந்த உறையில் புற்றுநோய் தலைகாட்டும். அதுதான் மீசோதீலியோமா. 1960-ல் கிறிஸ்டோஃபர் வாக்னரும் உடன் உழைத்தவர்களும் தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியிலிருந்து 33 நோயாளிகளின் விவரங்களை வெளியிட்டார்கள். அவர்களில் சுரங்கத் தொழிலாளர்கள் இருந்தார்கள். சுரங்கத்துக்குப் பக்கத்தில் குடியிருந்ததைத் தவிர அதோடு வேறு தொடர்பே இல்லாதவர்களும் இருந்தார்கள்.

காரணம் இப்படி வெட்டவெளிச்சமாகிவிட்டது. ஆனால் இந்த நோய்க்கென்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு முதல் மருந்தை ஏற்றுக்கொண்டது 2004 பிப்ரவரியில்தான். அந்த மருந்து பெமெட்ரெக்செட். அதன் வேர்களைத் தோண்டினால் ஆஸ்பெஸ்டாஸுக்குக் கொஞ்சமும் சம்பந்தமில்லாத இடங்களுக்குப் போய்ச் சேருகிறோம்.

முதல் வேர் நம் குன்னூர் வரை ஓடுகிறது. 1920களின் கடைசியில் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர், கர்ப்பிணிகளைக் கொன்றுகொண்டிருந்த ஒருவகை ரத்தசோகையைப் பற்றி ஆராய இந்தியா வந்தார். பம்பாயின் ஏழைத் தொழிலாளர் குடும்பத்துப் பெண்களிடம் தொடங்கிய அந்த ஆய்வு, 1929-ல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும் நடந்தது. ஈஸ்ட் சாறு கொடுத்தால் அந்தப் பெண்கள் தேறுகிறார்கள் என்பதை அவர் கண்டுபிடித்தார். சாற்றில் இருந்த அந்தப் பொருள் பின்னாளில் ஃபோலிக் அமிலம் என்று அடையாளம் காணப்பட்டது.

அதை ஆய்வுக்கூடத்தில் செய்து காட்டிய லெடர்லே என்ற அமெரிக்க மருந்து நிறுவனத்தின் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் எல்லாப்ரகட சுப்பாராவ். பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்கா போனவர். அவருடைய குழு ஃபோலிக் அமிலத்தைப் போலவே தோற்றமளிக்கும் எதிர்ப்பொருள்களையும் செய்தது. அவற்றில் ஒன்றான அமினோப்டெரினைப் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குக் கொடுத்தார். 1948-ல் வெளியான அந்த முடிவுகளில், சில குழந்தைகளுக்கு நோய் தற்காலிகமாக அடங்கியிருந்தது. மருந்தால் புற்றுநோயை அடக்க முடியும் என்ற நம்பிக்கை உறுதிபெற்றதற்கு அது ஒரு பெரிய காரணம்.

அதே காலத்தில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் டெய்லர் என்ற வேதியியல் மாணவர், ஃபோலிக் அமிலத்தின் கட்டமைப்பைப் பற்றிப் படித்து வியந்துபோனார். அதிலிருந்த இரட்டை வளையம் அதற்கு முன் வண்ணத்துப்பூச்சி இறகின் நிறமிகளில்தான் காணப்பட்டிருந்தது. இறகுக்கு நிறம் தரும் அமைப்புக்கு மனித உடலில் என்ன வேலை என்ற கேள்வி அவரை வாழ்நாள் முழுக்க விடவில்லை. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரான பிறகு, 1980களின் நடுவில் எலி லில்லி நிறுவனத்தோடு கைகோத்து அந்த வளையங்களை மாற்றி மாற்றிச் செய்து பார்த்தார். அப்படிப் பிறந்ததுதான் பெமெட்ரெக்செட்.

செல் பிளவுபட வேண்டுமானால் புதிய டிஎன்ஏ வேண்டும். அதைச் செய்ய ஃபோலேட், அதாவது ஃபோலிக் அமில வகை வைட்டமின், வேண்டும். கல்யாணப் பந்தியில் உறவுக்காரர்போல வந்து இலைமுன் உட்கார்ந்துவிடும் ஆளைப்போல, பெமெட்ரெக்செட் ஃபோலேட்டின் சாயலோடு செல்லுக்குள் நுழைந்து அதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். டிஎன்ஏவுக்கான பொருள்களைச் செய்யும் மூன்று நொதிகளை அது முடக்குகிறது. வேகமாகப் பெருகும் புற்றுச் செல்தான் முதலில் திணறும்.

ஆரம்பகட்டச் சோதனைகளில் மீசோதீலியோமா நோயாளிகள் சிலருக்குக் கட்டி சுருங்கியது. அதை நம்பி 1999-ல் பெரிய சோதனை தொடங்கியது. மொத்தம் 456 பேர். ஒரு பாதிக்கு சிஸ்பிளாட்டின் என்ற பழைய புற்றுநோய் மருந்து மட்டும். மறுபாதிக்கு அதோடு பெமெட்ரெக்செட்டும். தலைமை ஏற்றவர் நிக்கலஸ் வோகல்சாங்.

அங்கேதான் கதை முறிந்துவிடும்போல இருந்தது. சிலருக்கு வெள்ளணுக்கள் அடிமட்டத்துக்குச் சரிந்தன, வாய் புண்ணாகியது, வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. மருந்தாலேயே உயிர்கள் போயின. யாருக்கு இப்படி ஆகிறது என்று லில்லியின் கணிதவியலாளர் கிளெட் நியிகிசா கணக்குப் போட்டுப் பார்த்தார். ரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் கூடியிருந்தவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம் என்று தெரிந்தது. உடலில் ஃபோலேட்டோ வைட்டமின் பி12-ஓ குறைந்திருப்பதன் அடையாளம் அது. அப்படியானால் சோதனையில் இருக்கும் எல்லோருக்கும் அந்த இரண்டையும் கொடுத்துவிடலாம் என்றார்.

பலர் மிரண்டார்கள். எந்த வைட்டமினுக்கு எதிராக மருந்து செய்தார்களோ அதையே கொடுத்தால் புற்றுநோய்க்கு அல்லவா தீனி போட்டதாகும்? அந்தப் பயம் ஃபார்பர் காலத்திலிருந்தே வேரூன்றியது. ஆனாலும் 117 பேர் சேர்ந்திருந்த நிலையில் விதியை மாற்றினார்கள். பக்கவிளைவுகள் குறைந்தன, நோயாளிகளால் கூடுதல் சுற்றுகள் தாங்க முடிந்தது, மருந்தின் பலன் மங்கவில்லை. சிஸ்பிளாட்டின் மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 9.3 மாதம், இரண்டும் பெற்றவர்களுக்கு 12.1. கட்டி சுருங்கியது முதல் பிரிவில் 16.7 விழுக்காட்டினருக்கு, இரண்டாவதில் 41.3 விழுக்காட்டினருக்கு.

சுமார் மூன்று மாதம்தானே என்று தோன்றலாம். நாற்பது ஆண்டுக் காத்திருப்புக்குப் பிறகு அசைந்த முதல் கல் அது. இன்று அதே மருந்து நுரையீரல் புற்றுநோயில் ஒரு பெரும்பிரிவுக்கும் தரப்படுகிறது. முதல் ஊசிக்கு ஒரு வாரம் முன்பே தினமும் ஒரு ஃபோலிக் அமில மாத்திரை தொடங்கிவிட வேண்டும். ஒன்பது வாரத்துக்கு ஒருமுறை பி12 ஊசி. 21 நாளுக்கு ஒரு சுற்று. நரம்பு வழியாகப் பத்தே நிமிடத்தில் மருந்து ஏறிவிடும். மருந்துச் சீட்டில் அற்பமாகத் தெரியும் அந்த மாத்திரையை யாரும் விட்டுவிடக்கூடாது. சோதனையில் முதலில் சேர்ந்தவர்கள் பட்ட பாட்டிலிருந்து கற்ற பாடம் அது.

அடுத்து வந்த மருந்துகளுக்கும் இதுவே அளவுகோலாயிற்று. நிவோலுமாப், இப்பிலிமுமாப் என்ற இரண்டு நோயெதிர்ப்பு மருந்துகளை 605 பேரிடம் சோதித்தபோது, ஒப்பீட்டுக்கு எதிர்ப்பக்கத்தில் நின்றது பெமெட்ரெக்செட் சிகிச்சைதான். இடைநிலை ஆயுள் புதிய மருந்துகளுக்கு 18.1 மாதம், பழையதற்கு 14.1. 2020-ல் அவையும் அங்கீகாரம் பெற்றன.

ஆனால் மருந்து எவ்வளவு முன்னேறினாலும் இது வராமல் தடுக்கக்கூடிய நோய். பல நாடுகள் ஆஸ்பெஸ்டாஸை முற்றாகத் தடை செய்துவிட்டன. இந்தியாவில் வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ் இன்னும் இறக்குமதியாகி, கூரை ஷீட்டாக வீடுகளில் ஏறுகிறது. தடைச் சட்டம் வர வேண்டும். அதுவரை பழைய ஷீட்டை இயந்திரத்தால் அறுக்காதீர்கள், அடித்து நொறுக்காதீர்கள். கழற்றியே ஆகவேண்டுமென்றால் நன்றாகத் தண்ணீர் ஊற்றி நனைத்து, உடையாமல் முழுசாக இறக்கச் சொல்லுங்கள். கழற்றும் தொழிலாளிக்குத் தரமான முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள். குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.